ஆரி வேலையில் வருமானம்: கடைக் கூலியா, சொந்த ஆர்டரா, வகுப்பா, ஆன்லைன் விற்பனையா?

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உங்களால் துணியை இழுத்துக் கட்டும் மரச்சட்டத்தின் முன்னால் உட்கார முடியும்? ஆரி வேலையில், அதாவது கொக்கி ஊசியால் போடும் எம்பிராய்டரியில், சம்பாதிக்க நினைப்பவர் முதலில் விடை தேட வேண்டிய கேள்வி இதுதான். சட்டம், ஸ்டாண்டு, இரண்டு மூன்று ஊசிகள், சில்க் த்ரெட், ஜரி, கொஞ்சம் மணி, கல் எல்லாம் சேர்த்தாலும் சில ஆயிரத்தில் அடங்கிவிடும். அதற்காகக் கடன் வாங்க வேண்டாம். ஆனால் கண்ணும் முதுகும் ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் தாங்குவது கஷ்டம். ஆறாவது மணி நேரத்தில் போட்ட சங்கிலித் தையலை மறுநாள் காலை வெளிச்சத்தில் பாருங்கள்; கண்ணிகள் ஒன்று நீண்டும் ஒன்று குறுகியும் கிடக்கும். மாதத்துக்கு 24 நாள் வேலை என்று வைத்தால் கையில் இருப்பது 120 மணி நேரம். அந்த 120 மணி நேரத்தை எங்கே கொடுத்தால் நல்லது என்பதைத்தான் தீர்மானிக்க வேண்டும்.

வழிகள் நான்கு. பொட்டிக் அல்லது தையல் கடைக்குக் கூலிக்குப் போட்டுக் கொடுப்பது, வாடிக்கையாளரிடம் நேரடியாக ஆர்டர் எடுப்பது, வகுப்பு எடுப்பது, சின்னச் சின்னப் பொருள்களைச் செய்து ஆன்லைனிலும் கண்காட்சியிலும் விற்பது. கீழே வரும் தொகைகள் கணக்குப் போட்டுக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை. ஊருக்கு ஊர், வேலைக்கு வேலை விலை மாறும். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள், கணக்கு முறை அப்படியே பொருந்தும்.

கடைக்குக் கூலி வேலை

கை, பின் கழுத்து இரண்டிலும் நடுத்தர வேலை உள்ள ஒரு ப்ளவுஸ் 24 மணி நேரம் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் துணி, நூல், மணி எல்லாம் கொடுத்து, ட்ரேஸிங்கும் (டிசைனைத் துணியில் பதிப்பது) போட்டுத் தந்து, கூலியாக 1,800 ரூபாய் தருகிறார். மணிக்கு 75 ரூபாய். மாதம் ஐந்து ப்ளவுஸ் போட்டால் 9,000.

அதே ப்ளவுஸுக்குக் கடைக்காரர் வாடிக்கையாளரிடம் 4,500 வாங்குகிறார் என்று தெரியவரும்போது மனது கொதிக்கும். கொதிப்பதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். அளவு தப்பானால் அவர் பொறுப்பு, துணி சாயம் போனால் அவர் பொறுப்பு, வாடிக்கையாளர் கடைசி நேரத்தில் நிறம் மாற்றச் சொன்னால் பேசிச் சமாளிப்பதும் அவர். நீங்கள் ஊசி பிடிக்கும் நேரம் முழுவதற்கும் காசு வருகிறது. புதிதாகத் தொழிலுக்கு வருபவருக்கு இதைவிட நல்ல பயிற்சிக் களம் கிடையாது. ஒரே மாதிரி வேலை திரும்பத் திரும்ப வருவதால் கை வேகம் கூடும். 24 மணி நேர வேலை 18 மணி நேரத்தில் முடியத் தொடங்கினால் அதே 1,800 ரூபாய் மணிக்கு 100 ஆகிறது. கூலி உயராமலேயே வருமானம் உயர்வது இப்படித்தான்.

இங்கே கெடுவது பெரும்பாலும் பணம் கைக்கு வருவதில்தான். ‘அடுத்த பீஸோடு சேர்த்துத் தர்றேன்’ என்று தொடங்கி ஆறு பீஸுக்கான கூலி நின்றுபோகும். ஒரு நோட்டுப் போட்டு, துணி வாங்கிய தேதி, டிசைன், பேசிய கூலி, கொடுத்த தேதி நான்கையும் எழுதிக் கடைக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். இரண்டு பீஸ் பாக்கி நின்றால் மூன்றாவதைச் சட்டத்தில் ஏற்ற வேண்டாம். இன்னொன்று, நீங்கள் போட்ட வேலையைப் படம் எடுத்து உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போடலாமா என்று ஆரம்பத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். டிசைன் அவர்களுடையது, மறுத்தால் சண்டைக்கு நியாயம் இல்லை. அப்படிப்பட்ட கடையில் வேலை செய்துகொண்டே ஒரு அடி ராசில்க் துணியில் உங்கள் சொந்த டிசைனில் மாதிரித் துண்டுகள் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நேரடி ஆர்டர்

கடைக்காரர் வாங்கும் அதே 4,500 ரூபாயை நீங்களே வாங்குகிறீர்கள். நூல், மணி, கல்லுக்கு 700, லைனிங்கோடு தைக்க டைலருக்கு 600 போனால் மிச்சம் 3,200. 24 மணி நேரத்தால் வகுத்து மணிக்கு 133 என்று சந்தோஷப்படுபவர்கள்தான் அதிகம். அந்தக் கணக்கு தவறு. டிசைன் பேசுவதற்கு ஒரு மணி நேரம், புடவையோடு நூல் நிறம் பார்த்து வாங்கி வர ஒரு மணி நேரம், அளவு குறித்து ட்ரேஸிங் போட்டுத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்ட இரண்டரை மணி நேரம், முடிச்சு, சரிபார்ப்பு, ஒப்படைப்பு, சின்னத் திருத்தம் எல்லாம் சேர்த்து இன்னும் ஒன்றரை மணி நேரம். ஆறு மணி நேரம் கூடுகிறது. 3,200-ஐ 30-ஆல் வகுத்தால் மணிக்கு 107 ரூபாய்தான்.

ஐந்தில் ஒரு ப்ளவுஸ் ஏதாவது ஒரு வகையில் தகராறாகும் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். துணிக்கு 1,000 ரூபாய், திரும்பப் போட 10 மணி நேரம். ஐந்து ப்ளவுஸுக்கு 15,000 ரூபாய், 160 மணி நேரம், மணிக்கு 94. கடைக் கூலியான 75-க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் வெளியில் தெரியும் 1,800-க்கும் 4,500-க்கும் உள்ள வித்தியாசம் அல்ல. வெறும் 19 ரூபாய். ஆகவே நேரடி ஆர்டருக்குப் போகிறவர் கவனிக்க வேண்டியவை இரண்டு: தகராறைக் குறைப்பது, மெல்ல விலையை ஏற்றுவது. இந்த இரண்டும் நடந்தால் இந்த வழி கடைக் கூலியை நன்றாகவே தாண்டிவிடும்; நடக்காவிட்டால் தலைவலிதான் மிச்சம்.

தகராறு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். முதல் காரணம் அளவு. உடம்பில் டேப் வைத்து அளக்காதீர்கள்; அவருக்குக் கச்சிதமாக இருக்கும் ஒரு பழைய ப்ளவுஸை வாங்கி, அதன் கைநீளம், கைச்சுற்று, கழுத்து இறக்கம், தோள் அகலத்தைத் துணியில் வரைந்துகொண்டு பிறகு டிசைன் வைக்க வேண்டும். தையல் கோட்டில் இருந்து கால் அங்குலமாவது தள்ளித்தான் மணியும் கல்லும் வர வேண்டும். தையல் கோட்டில் கல் இருந்தால் மிஷினின் பாதம் அதன் மேல் ஏறும், ஊசி உடையும், டைலர் அந்த இடத்தை விட்டுத் தள்ளித் தைப்பார், ப்ளவுஸ் அளவு மாறிவிடும். பழி உங்கள் மேல் விழும். அதனால்தான் முதல் ஓராண்டுக்குத் தைத்துக் கொடுக்காமல், வேலை போட்ட துணியை மட்டும் கொடுப்பது நல்லது என்பது நம் கருத்து. வாடிக்கையாளரின் டைலரிடமே துணியைக் கொடுத்து வெட்டும் கோட்டைச் சாக்பீஸால் குறித்து வாங்கிவிட்டால் அளவுத் தகராறு உங்களிடம் வரவே வராது. 600 ரூபாய் தையல் கூலியில் உங்களுக்கு எப்படியும் லாபம் இல்லை.

இரண்டாவது நிறம். டியூப்லைட் வெளிச்சத்தில் ஒத்துப்போன பச்சை, மண்டபத்து மஞ்சள் விளக்கில் வேறாகத் தெரியும். நூல் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் புடவை முந்தானை மேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பி, ‘சரி’ என்று எழுத்தில் வாங்கிய பிறகே தொடங்குங்கள். அடர் சிவப்பு, அடர் நீலத் துணி என்றால் ஒரு மூலையை ஈரப் பஞ்சால் அழுத்திப் பாருங்கள். பஞ்சில் சாயம் ஏறினால் வெள்ளை மணி, தங்க நிற நூல் போடுவதற்கு முன்பே வாடிக்கையாளரிடம் சொல்லிவிட வேண்டும். மண்ணெண்ணெயில் பவுடர் குழைத்து ட்ரேஸிங் தேய்க்கிறவர்கள் வெளிர் நிறப் பட்டில் அதைச் செய்ய வேண்டாம். கொஞ்சம் கூடினாலும் எண்ணெய்க் கறை நிற்கும்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத தவறு. ஆரி ஊசியின் நுனி ஒரு கொக்கி. முந்தைய கண்ணிக்குள் இறங்கி, துணிக்குக் கீழே இருக்கும் நூலை மாட்டி, புதிய கண்ணியாக மேலே இழுத்து வருகிறது. இப்படி ஒவ்வொரு கண்ணியையும் அடுத்த கண்ணி பிடித்துக்கொண்டிருக்கிறது. கடைசிக் கண்ணியைப் பிடிக்க மட்டும் ஆள் இல்லை. அங்கே பூட்டுத் தையல் போடாமல் நூலை வெட்டிவிட்டால், பார்க்க எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். முகூர்த்தத்தன்று வளையலில் அந்த நுனி மாட்டும்போது வரிசை முழுவதும் சர்ரென்று பிரியும், கோத்த மணிகள் மணவறையில் உருளும். கடைசிக் கண்ணிக்கு வெளியே ஒரு சின்னக் குத்து இறக்கி, நூலைப் பின்பக்கம் இழுத்து இரண்டு முடிச்சுப் போட்டு, அரை அங்குலம் வால் விட்டு வெட்டுங்கள். பசை வைத்தால் போதும் என்று சொல்வார்கள். பசை காய்ந்து உதிரும், முடிச்சு உதிராது. ஒப்படைக்கும் முன் ப்ளவுஸைத் திருப்பிப் போட்டு ஒவ்வொரு வாலையும் விரலால் லேசாக இழுத்துப் பார்ப்பதற்கு இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடத்தை எந்த அவசரத்திலும் விட்டுவிடாதீர்கள்.

இஸ்திரியும் வினைதான். சுகர் பீட்ஸ் என்னும் பொடி மணியிலும், சம்கி என்னும் பளபளக்கும் வட்டத் தகட்டிலும் பிளாஸ்டிக் வகை இருக்கிறது, நேராகச் சூடு பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். ஜர்தோசி என்னும் உலோகச் சுருள் நூல், வாசனைத் திரவியம் பட்டால் கறுக்கும். ‘உட்புறம் வெளியே திருப்பி, கீழே தடித்த டவல் விரித்து, மெல்லிய சூட்டில் தேய்க்கவும், சென்ட்டை மேலே அடிக்க வேண்டாம், பருத்தித் துணியில் சுற்றி வைக்கவும்’ என்று மூன்று வரி அச்சடித்த ஒரு சீட்டை உள்ளே வைத்துக் கொடுங்கள். சீட்டின் மறுபக்கத்தில் உங்கள் பெயரும் எண்ணும் இருக்கட்டும். விளம்பரத்துக்கு இதைவிட மலிவான வழி இல்லை, ஏனென்றால் அந்தச் சீட்டு ப்ளவுஸோடு பீரோவுக்குள் போய் அடுத்த கல்யாணத்துக்கு வெளியே வரும்.

மாதக் கணக்கும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆடி, புரட்டாசி, மார்கழியில் நம் ஊரில் கல்யாணம் இல்லை என்பதால் அந்த மாதங்கள் வேலை இல்லாத மாதங்கள் என்று நினைத்துவிடுகிறோம். ஊசிக்கு வேலை முகூர்த்தத்துக்கு மூன்று நான்கு வாரம் முன்பே வந்துவிடும். ஆவணி முகூர்த்தத்துக்கான ப்ளவுஸ் ஆடியில் சட்டத்தில் ஏறுகிறது, தை மாதத்துக்கானது மார்கழியில். கை ஓய்வது ஆவணிக் கடைசியிலும் புரட்டாசி முதல் பாதியிலும். பிறகு கார்த்திகைக் கடைசியில். ஆர்டர் எடுக்கும்போது முகூர்த்த நாளைக் கேட்டு, அதற்குப் பத்து நாள் முன்னால் வேலை முடிந்த துணியை நீங்கள் கொடுக்கும்படி தேதி வையுங்கள். டைலருக்கும் நாள் வேண்டும். ஐந்தாவது ப்ளவுஸை ஒரே மாதத்தில் ஒப்புக்கொள்வதுதான் நல்ல பெயரை இழக்கும் சுலபமான வழி. 120 மணி நேரத்தில் நான்குதான் முடியும். ஐந்தாமவரிடம், ‘அந்தத் தேதிக்குள் முடியாது’ என்று முதல் நாளே சொன்னால் அவர் கோபப்பட மாட்டார்.

வகுப்பு

கணக்கில் முந்துவது இதுதான். ஆறு பேர், தலைக்கு 3,000 ரூபாய், இரண்டு மணி நேரம் வீதம் 20 வகுப்பு. பயிற்சிக்கான துணி, நூலுக்குத் தலைக்கு 500 போனால் 15,000 மிஞ்சும். வகுப்பு 40 மணி நேரம், தயாரிப்பு 10 மணி நேரம், ஆக மணிக்கு 300. மூன்று பேர் மட்டும் வந்தாலும் மணிக்கு 150. இரண்டே பேர் என்றால் மணிக்கு 100, ப்ளவுஸ் போடுவதற்குச் சமம். மூன்று பேர் சேராமல் தொடங்க வேண்டாம் என்பது இதிலிருந்து வரும் விதி. சட்டத்தை மாணவர்களே வாங்கி வரட்டும்.

ஆனால் இந்த 300 ரூபாய் ஆண்டு முழுக்க வராது. ஒரு தெருவில், ஒரு சின்ன ஊரில் கற்க ஆசைப்படுபவர்கள் எண்ணிக்கை குறைவு. மூன்று நான்கு பேட்ச் முடிந்தால் ஆள் தேட வேண்டியிருக்கும். கற்க வருபவர்களுக்கு வசதியான மே மாத விடுமுறை, உங்களுக்குச் சித்திரை வைகாசி முகூர்த்த ஆர்டர்கள் குவியும் நேரம். இரண்டையும் ஒரே மாதத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டால் இரண்டும் கெடும். ஆவணிக் கடைசி, புரட்டாசியில் காலை நேர வகுப்பாக, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரும் பெண்களுக்கென்று வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

கற்றுக்கொடுப்பது தனித் திறமை. உங்கள் கை தானாகச் செய்வதை நிறுத்தி நிறுத்திச் சொல்லத் தெரிய வேண்டும். ஊசியை எவ்வளவு திருப்பினால் நூல் கொக்கியில் நிற்கும், எவ்வளவு திருப்பினால் துணியின் இழையைப் பிய்க்கும், கீழ்க்கை நூலை எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று. முதல் நான்கு வகுப்புகளைச் சங்கிலித் தையலுக்கே கொடுங்கள். அவசரப்பட்டு ஐந்தாம் வகுப்பில் ஜர்தோசிக்குப் போகும் பேட்ச்சில், பத்தாம் வகுப்புக்குள் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். கண்ணி சீராக வராதவருக்கு, நூலால் இடத்தை நிரப்பும் லோட் வேலை எந்தக் காலத்திலும் மழமழவென்று வராது.

இதில் மனசாட்சி சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. ‘இரண்டே மாதத்தில் வீட்டிலிருந்தபடி மாதம் முப்பதாயிரம்’ என்று போஸ்டர் அடித்து ஆள் சேர்க்கிறார்கள். மேலே போட்ட கணக்கைப் பார்த்தாலே தெரியும், 120 மணி நேரத்தில் புதியவர் அந்தத் தொகையைத் தொட முடியாது. நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் உண்மையான கூலி நிலவரத்தைச் சொல்லிச் சேருங்கள். நீங்கள் தரும் சான்றிதழ் உங்கள் சான்றிதழ் மட்டுமே. அரசு அங்கீகாரம் என்று சொல்லாதீர்கள்.

மாணவர்கள் போட்டியாளர் ஆகிவிடுவார்களே என்ற பயம் பலருக்கு. சிலர் ஆவார்கள். ஆனால் நன்றாகப் போடுகிற இரண்டு பேரை உங்கள் நெருக்கடி மாதத்தில் ஃபில்லிங் (டிசைனின் உட்பகுதியை நிரப்பும்) வேலைக்குக் கூலி கொடுத்து வைத்துக்கொண்டால், நான்கு ப்ளவுஸ் என்ற எல்லையைத் தாண்ட அவர்கள்தான் வழி.

சின்னப் பொருள்கள், ஆன்லைன், கண்காட்சி

அளவெடுத்துத் தைக்கும் ப்ளவுஸ் ஆன்லைன் சந்தைக்குப் பொருந்தாது. அளவு ஆளுக்கு ஆள் மாறும், திருப்பி அனுப்பினால் வேறு யாருக்கும் உதவாது. ஹேர் கிளிப், புடவைப் பின், சின்ன சுருக்குப் பை, பெயர் எழுதிய ரிங் ஃப்ரேம், துணியில் தைத்துக்கொள்ளும் தனி மோட்டிஃப் (தனித்த பூ, மயில் போன்ற டிசைன் துண்டு) போன்றவை பொருந்தும்.

ஒரு ஹேர் கிளிப் செய்ய 40 நிமிடம், பொருள் செலவு 35, விலை 180, பேக்கிங் 12, கூரியர் வாங்குபவர் செலவு. விற்கும் ஒவ்வொன்றுக்கும் படம், பதில், பார்சல் என்று 20 நிமிடம். பத்து செய்து ஏழு விற்றால் கையில் நிற்பது 826 ரூபாய், போன நேரம் ஒன்பது மணி. மணிக்கு 92. தகராறு ஏற்படும் நேரடி ஆர்டருக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. நல்ல அம்சம், முகூர்த்தம் இல்லாத நாட்களிலும் செய்து வைக்கலாம், ப்ளவுஸில் மிஞ்சிய மணியும் துணித்துண்டும் பயன்படும். கெட்ட அம்சம், பெரிய விற்பனைத் தளங்களில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி போட்ட பொருளும் உங்கள் பொருளும் ஒரே திரையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். படத்தில் வித்தியாசம் தெரியாது, விலையில் மட்டும் தெரியும். விலையைக் குறைத்துப் போட்டியிடப் போனால் மிஷினோடு ஓடுகிற ஓட்டம் அது.

ஜிஎஸ்டி குழப்பம் இங்கேதான் வரும். தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரையும், கூலி, வகுப்பு போன்ற சேவைக்கு 20 லட்சம் வரையும் பதிவு தேவையில்லை. ஆன்லைன் தளம் வழியாக விற்றால் பதிவு கட்டாயம் என்ற விதி 2023 அக்டோபர் 1 முதல் தளர்ந்தது; பதிவு இல்லாதவரும் ஜிஎஸ்டி தளத்தில் ஒரு சேர்க்கை எண் மட்டும் வாங்கிச் சொந்த மாநிலத்துக்குள் விற்கலாம். வெளி மாநிலத்துக்குப் பொருள் அனுப்பினால் பொதுவாகப் பதிவு வேண்டும். கைவினைப் பொருள்களுக்குத் தனிச் சலுகை உண்டு. உங்கள் பொருள் அந்தப் பட்டியலில் வருகிறதா என்று ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம், ஆதாரும் பான் எண்ணும் வேண்டும். அதற்குக் காசு கேட்பவரிடம் போகாதீர்கள்.

வெளிநாட்டுத் தமிழர்களிடம் தேவை இருக்கிறது. கைவினைப் பொருள்கள் விற்கும் எட்ஸி தளத்தில் ஒரு பொருளைப் பட்டியலிட 0.20 டாலர், அது நான்கு மாதம் நிற்கும், விற்றால் 6.5 சதவீதம், அதுவும் அனுப்பும் செலவையும் சேர்த்த தொகையில். ஏற்றுமதி என்பதால் ஐஇசி எண் (ஏற்றுமதி, இறக்குமதி செய்பவருக்கான அரசு எண்) வாங்க வேண்டும். அமெரிக்கா, 800 டாலருக்குக் குறைந்த பார்சல்களுக்கு இருந்த வரிவிலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்திவிட்டது. அங்கே அனுப்பும்போது சுங்க வரி யார் கட்டுவது என்பதை முன்கூட்டியே எழுதி முடிவு செய்துகொள்ளுங்கள். எடை குறைந்த மோட்டிஃப்களோடு தொடங்குவது நல்லது. வெளிநாட்டுக்கு ப்ளவுஸ் அனுப்புவதானால் தைக்காத துணியாக அனுப்புங்கள்.

கண்காட்சி ஸ்டாலுக்கு ஒரு நாள் வாடகை 2,000 என்றால், ஒரு கிளிப்பில் 140 ரூபாய் மிஞ்சும் கணக்கில் 15 கிளிப் விற்ற பிறகே வாடகை தேறும். உங்கள் நாள் கூலி இன்னும் வரவில்லை. விற்பனைக்காக ஸ்டால் எடுப்பது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. ஆர்டர் பிடிக்க என்றால் கட்டுப்படியாகும், அதுவும் ஆனி கடைசியில், ஆவணிக் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கத் தொடங்கும் வீடுகள் வரும் நேரத்தில். மேசையில் ஒரு சின்னச் சட்டத்தை வைத்து நீங்கள் போட்டுக்கொண்டே இருங்கள். மிஷின் வேலையா என்ற கேள்வியே எழாது. மத்திய அரசின் கைவினைத் துறை தரும் பெஹ்சான் கைவினைஞர் அட்டைக்கும் விண்ணப்பித்து வையுங்கள். அந்தத் துறை நடத்தும் சந்தைகளில் இடம் கேட்க அது வேண்டும்.

உங்களைப் பற்றித் தெரியப்படுத்துவது

எந்த வழியானாலும் முதலில் வேண்டியது பத்து நல்ல படங்கள். ஜன்னல் ஓரத்தில், வெயில் நேராக விழாத பகல் வெளிச்சத்தில், ஃபில்டர் இல்லாமல். முழு ப்ளவுஸ் ஒன்று, கைப்பகுதி நெருக்கமாக ஒன்று, பின்பக்கம் ஒன்று. பின்பக்கத்தைக் காட்டுபவர்கள் குறைவு. காட்டினால் விஷயம் தெரிந்தவர்கள் நின்று பார்ப்பார்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்தால் மணியின் நுணுக்கம் புரியும். பின்ட்ரெஸ்ட் படத்தை எடுத்து உங்கள் வேலை போல் போடாதீர்கள். அதே மாதிரி போட்டுத் தரச் சொல்லி ஒருவர் வருவார், அன்றே பெயர் கெடும். மணப்பெண் அனுப்பிய படத்தைப் போடுவதற்கு முன் அவரிடம் கேளுங்கள். முகம் வேண்டாம் என்றால் கழுத்துக்குக் கீழே வெட்டிப் போட்டால் போதும்.

கடை பெயரில் தொழிலும் ஊரும் இருக்கட்டும். ஆள் தேடுபவர் கூகுளில் ஆரி ஒர்க் என்று அடித்துக் கூடவே ஊர்ப் பெயரைத்தான் போடுகிறார், அழகான சமஸ்கிருதப் பெயரை அல்ல. கூகுள் பிசினஸ் பக்கம் இலவசம். வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் முகவரியை மறைத்து, சேவை செய்யும் பகுதியை மட்டும் காட்டும் வசதி அதில் இருக்கிறது, பெண்கள் கட்டாயம் அதைப் பயன்படுத்த வேண்டும். ஒவ்வொரு ஒப்படைப்புக்குப் பிறகும் இரண்டு வரி விமர்சனம் கேளுங்கள். இன்ஸ்டாகிராமில் மேலே நிலையாக நிற்கும்படி மூன்று பதிவுகளை வையுங்கள்: விலை வாரியாக மூன்று ப்ளவுஸ், ஊசி ஓடும் முப்பது விநாடி வீடியோ, ஆர்டர் விதிகள். ‘விலைக்கு மெசேஜ் செய்யவும்’ என்று எழுதினால் வாங்க எண்ணமில்லாத நாற்பது பேருக்குப் பதில் எழுதியே சாயங்காலம் போய்விடும். ‘கை மட்டும் 1,500 முதல்’ என்று எழுதினால் வருபவர் தயாராக வருவார்.

வாட்ஸ்அப் பிசினஸில் கேட்டலாக் போட்டு, விலைப் பதிலை ஒருமுறை நன்றாக எழுதிச் சேமித்து வையுங்கள். இப்படி:

‘வணக்கம் மேடம். நீங்கள் அனுப்பிய டிசைன் இரண்டு கைக்கும் பின் கழுத்துக்கும் போட 3,900 ரூபாய். நூல், மணி, கல் இதில் அடக்கம். துணி உங்களுடையது, தையல் கூலி சேராது. டைலரிடம் அளவு குறித்த துணி கைக்கு வந்ததில் இருந்து 12 நாள். பாதித் தொகை அட்வான்ஸ், மீதி துணி வாங்கும்போது. வேலை தொடங்கிய பிறகு டிசைன் மாற்ற முடியாது. நிறத்தைப் படம் அனுப்பி முதலில் உறுதி செய்துகொள்வோம்.’

அட்வான்ஸ் கேட்கக் கூச்சப்படுபவர்கள் நிறைய. சொந்தக்காரர், தெரிந்தவர் என்று விட்டால் அந்த ப்ளவுஸ்தான் கடைசியில் வாங்கப்படாமல் நிற்கும். அத்தைக்கு விலை குறைத்துக் கொடுங்கள், பரவாயில்லை. அட்வான்ஸை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

எதை எப்போது

கை வேகம் இன்னும் வராதவருக்கு ஆறு மாதம் கடைக் கூலி. அந்த ஆறு மாதமும் ஒவ்வொரு ப்ளவுஸுக்கும் ட்ரேஸிங், ஊசி வேலை, முடிப்பு எத்தனை மணி நேரம் என்று எழுதி வைத்தால் பிறகு விலை சொல்லும்போது தடுமாற்றம் இருக்காது. அதன் பிறகு மாதம் இரண்டு நேரடி ஆர்டர், மிச்ச நேரம் கடை வேலை. கடையை ஒரேயடியாக விட்டுவிட வேண்டாம், முகூர்த்தம் இல்லாத வாரத்தில் அது கைகொடுக்கும். சிறு குழந்தை இருப்பவர், தேதிக்கு வாக்குக் கொடுக்க முடியாதவர் சின்னப் பொருள்களோடு நிற்பது மேல். கிளிப் ஒரு நாள் தாமதமானால் யார் கல்யாணமும் நிற்காது. வகுப்பை, பிறர் செய்த தவறைப் பார்த்ததும் காரணம் சொல்லத் தெரியும் நிலை வந்த பிறகு ஆண்டுக்கு இரண்டு பேட்ச்சாக வைத்துக்கொள்ளுங்கள்.

விலை ஏற்றும் நேரத்தையும் நோட்டு சொல்லும். விசாரித்தவர்களில் மூன்றில் இரண்டு பேர் பேரம் பேசாமல் அட்வான்ஸ் அனுப்புகிறார்கள் என்றால் உங்கள் விலை குறைவு. 3,900 ரூபாயை 4,700 ஆக்கினால் மணிக்கு 107 என்பது 133 ஆகிறது, மாதம் நான்கு ப்ளவுஸுக்கு 3,200 ரூபாய் கூடுகிறது, ஊசி ஒரு குத்துக்கூட அதிகம் இறங்குவதில்லை. தை பிறக்கும்போது புது விலையைப் போடுங்கள். பழைய வாடிக்கையாளர்களுக்கு மார்கழியிலேயே ஒரு செய்தி அனுப்பி, பொங்கலுக்கு முன் துணி கொடுத்தால் பழைய விலை என்று சொல்லுங்கள்.